குத்தகை லாரி பழுதானால் பொறுப்பு யாருக்கு?: ஒரு நெடுங்காலக் கேள்வியும் ஐந்து விடைகளும்

வாடகைக்கு எடுத்த வண்டி பழுதானால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் கொடுத்தவரா, எடுத்தவரா? ரோமானியச் சட்ட அறிஞர்கள் காலத்திலிருந்து இந்தக் கேள்விக்கு விடை சொல்லப்பட்டு வருகிறது. ஒரு காலத்தின் விடையை அடுத்த காலம் பெரும்பாலும் ஏற்கவில்லை. இன்று இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் சரக்கு லாரித் தொழில். அங்கே குத்தகை லாரியின் பழுது, ஓட்டுநரின் பிழைப்பையும் சாலையில் செல்லும் எல்லோருடைய உயிரையும் சேர்த்தே தொடுகிறது. ஆகவே இதைக் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது.

விடைகளைப் பார்ப்பதற்கு முன் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துக்கொள்வது நல்லது. பழுது பார்ப்பது என்பதற்குள் மூன்று தனிப் பொறுப்புகள் அடங்கியுள்ளன. எந்தப் பழுதை, எப்போது, எந்தப் பட்டறையில் பார்ப்பது என்று முடிவெடுப்பது முதலாவது. பட்டறைக்குப் பணம் கட்டுவது இரண்டாவது. வண்டி நிற்கும் நாள்களின் வருமான இழப்பைத் தாங்குவது மூன்றாவது. பழைய விடைகள் பலவும் இரண்டாவதை மட்டுமே பேசின. சிக்கலோ பெரும்பாலும் முதலாவதும் இரண்டாவதும் வெவ்வேறு கைகளில் இருப்பதால் வருகிறது. மூன்றாவதற்கு இன்றுவரை நிறைவான விடை இல்லை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, இதுவரை சொல்லப்பட்ட ஐந்து விடைகளையும் அவற்றின் பிறப்பிடங்களையும் பலவீனங்களையும் பார்க்கலாம்.

முதல் விடை: கொடுத்தவரே பொறுப்பு

ரோமானியச் சட்டத்தில் பொருளைக் கைமாற்றியதோடு கொடுத்தவரின் கடமை முடிவதில்லை. வாடகைக் காலம் முழுவதும் அந்தப் பொருள் எடுத்தவருக்குப் பயன்பட வேண்டும். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உல்பியன் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று, பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஒருவர் மதுச் சாடிகளை வாடகைக்கு விடுகிறார். சாடிகள் பழுதானவை என்பது அவருக்கே தெரியாது. ஊற்றிவைத்த மது ஒழுகிப்போகிறது. ஒழுகிய மதுவின் இழப்பையும் அவரே ஈடுகட்ட வேண்டும், தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்கிறார் உல்பியன். அதே இடத்தில் மேய்ச்சல் நிலத்துக்கு வேறு விதி சொல்கிறார். குத்தகைக்கு விட்ட நிலத்தில் நச்சுப்பூண்டு முளைத்துக் கால்நடை செத்தால், அதைத் தெரிந்தே விட்டவர் முழு இழப்பையும் தர வேண்டும். தெரியாமல் விட்டவர் குத்தகைப் பணத்தைக் கேட்க முடியாது, அவ்வளவே. சோதித்துப் பார்த்துக் கொடுக்கக்கூடிய பொருளுக்குக் கூடுதல் பொறுப்பு என்ற எண்ணத்தை இங்கே காணலாம்.

இந்த மரபு ஐரோப்பியச் சட்டங்களில் தொடர்ந்தது. 1804இன் பிரெஞ்சுக் குடியியல் சட்டமும், 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடியியல் சட்டமும் வாடகைப் பொருளைப் பயன்படும் நிலையில் வைத்திருக்கும் கடமையைக் கொடுத்தவர் மீதே வைக்கின்றன. இங்கிலாந்து வேறு வழியில் சென்று ஏறத்தாழ அதே இடத்தை அடைந்தது. 1881இல் தீர்க்கப்பட்ட 'ஹைமன் எதிர் நை' வழக்கில், பிரைட்டனில் வாடகைக்கு எடுத்த குதிரை வண்டியின் அடிப்பாகத்தில் இருந்த போல்ட் ஒன்று ஓட்டத்தின் நடுவே முறிந்தது. குதிரைகள் மிரண்டன, வண்டி கவிழ்ந்தது. கவனத்தாலும் திறமையாலும் எந்த அளவு தகுதியாக்க முடியுமோ அந்த அளவு தகுதியான வண்டியைத் தருவது வாடகைக்கு விடுபவரின் கடமை என்று நீதிபதிகள் கூறினர்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் அதற்கு முன்பே, 1872இலேயே, இன்னும் கண்டிப்பாகப் பேசிவிட்டது. அதன் 150ஆம் பிரிவின்படி, வாடகைக்குக் கொடுத்த பொருளின் குறை கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அதனால் நேரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு. அந்தப் பிரிவுக்குச் சட்டமே தரும் விளக்கமும் வாடகை வண்டி பற்றியதுதான்: வண்டி பாதுகாப்பற்றது என்பது உடையவருக்குத் தெரியாது, எடுத்தவர் காயமடைகிறார், உடையவர் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த விடையின் வலிமை அதன் எளிமை. பொருளின் வரலாறு தெரிந்தவர் கொடுத்தவர்தான். அதைத் திறந்து பார்த்துச் சோதிக்கும் வசதியும் அவருக்கே உண்டு. ஆனால் இது ஒரு நாள், இரண்டு நாள் வாடகைக்குப் பொருந்தும் அளவுக்கு நீண்ட குத்தகைக்குப் பொருந்துவதில்லை. நெடுந்தூர லாரி ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடுவது அமெரிக்காவில் வியப்பான செய்தி அல்ல. நான்கைந்து ஆண்டுக் குத்தகையில் வண்டியை உடையவர் கண்ணால் பார்ப்பதே அரிது. கிளட்ச் எத்தனை நாள் தாங்கும், பிரேக் லைனிங் எப்போது தேயும் என்பதெல்லாம் ஓட்டும் கையைப் பொறுத்தவை. செலவு முழுவதும் கொடுத்தவருக்கே என்றால் ஓட்டுபவருக்கு வண்டி மீது அக்கறை குறையலாம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலும், இந்த விதிகளில் பலவற்றை ஒப்பந்தத்தில் எழுதும் ஒரு வரியால் ஒதுக்கிவைக்க முடியும். 20ஆம் நூற்றாண்டில் அதுவே பெருமளவில் நடந்தது.

இரண்டாம் விடை: எடுத்தவரே பொறுப்பு

நவீன நிதிக் குத்தகையின் தொடக்கமாக 1952இல் சான்பிரான்சிஸ்கோவில் நிறுவப்பட்ட யுனைடெட் ஸ்டேட்ஸ் லீசிங் நிறுவனம் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. இந்தியாவில் இதே தொழிலைத் தொடங்கிய ஃபர்ஸ்ட் லீசிங் கம்பெனி 1973இல் சென்னையில் பிறந்தது. இந்த ஏற்பாட்டில் எந்த வண்டி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர் எடுப்பவர். விற்பவர் தயாரிப்பாளரோ டீலரோ. குத்தகை நிறுவனத்தின் வேலை பணம் போடுவது மட்டுமே. காகிதத்தில் அது உரிமையாளர், நடைமுறையில் கடன் கொடுத்தவர். கடன் கொடுத்தவரிடம் போய் கியர்பாக்ஸ் பழுது என்று சொல்வதில் நியாயமில்லை என்பதுதான் இந்த விடையின் அடிப்படை.

சட்டமும் இதை ஏற்றது. அமெரிக்க மாநிலங்களின் பொது வணிகச் சட்டத் தொகுப்பில் 1987இல் சேர்க்கப்பட்ட 2ஏ பகுதியின்படி, வணிக நிதிக் குத்தகையில் எடுத்தவர் பொருளை ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து வாடகை கட்டும் கடமை நிபந்தனையற்றது, திரும்பப் பெற முடியாதது. இடி விழுந்தாலும் வெள்ளம் வந்தாலும் வாடகை கட்டியே தீர வேண்டும் என்ற பொருளில் தொழில்வட்டாரத்தில் இதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. 1988இல் ஒட்டாவாவில் உருவான பன்னாட்டு நிதிக் குத்தகை உடன்படிக்கையும் இதே திசையில் செல்கிறது. பொருளை உரிய கவனத்துடன் காத்து, இயல்பான தேய்மானம் போக, வாங்கியபோது இருந்த நிலையில் வைத்திருப்பது எடுத்தவரின் கடமை என்கிறது.

நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது பொருத்தமான விடையே. அதற்குச் சொந்தப் பட்டறை இருக்கும், மெக்கானிக்குகள் இருப்பார்கள், நின்றுபோன வண்டியின் சரக்கை ஏற்ற இன்னொரு வண்டி இருக்கும். எப்போது பழுது பார்ப்பது என்று முடிவெடுப்பதும் பணம் கட்டுவதும் இழப்பைத் தாங்குவதும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஒரே ஒரு லாரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் இதே விதி வேறு விதமாக வேலை செய்கிறது. வண்டி பட்டறையில் நிற்கும் வாரத்தில் அவருக்கு வருமானம் பூஜ்யம், வாடகை மட்டும் முழுசு. தயாரிப்பாளரின் உத்தரவாதம் அவருக்கு உதவும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. உத்தரவாதம் பெரும்பாலும் உதிரிபாகத்தையும் கூலியையும் ஈடுகட்டும். நின்ற நாள்களை ஈடுகட்டுவது அபூர்வம். உத்தரவாதக் காலம் முடிந்த பழைய லாரியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

மூன்றாம் விடை: பராமரிப்பையும் சேர்த்து வாங்குவது

முழுச்சேவைக் குத்தகை இதற்கு மாற்றாக வளர்ந்தது. ஜிம் ரைடர் 1933இல் மயாமியில் ஒரே லாரியுடன் தொடங்கிய தொழில், 1938இல் ஒரு பீர் நிறுவனத்துக்கு லாரிகளைக் குத்தகைக்கு விட்டதிலிருந்து புதிய பாதையில் சென்றது. 1969இல் தோன்றிய பென்ஸ்கி டிரக் லீசிங்கும் இதே வழியில் வளர்ந்தது. மாதக் கட்டணத்துக்குள்ளேயே ஆயில் மாற்றுவது, டயர், பிரேக், எஞ்சின் வேலை எல்லாம் அடங்கும். வழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் வருவார். மாற்று வண்டி தருவதும் பல ஒப்பந்தங்களில் உண்டு.

நமது அளவுகோலில் இந்த விடை நன்றாகத் தேறுகிறது. முடிவும் செலவும் குத்தகை நிறுவனத்திடம் இருக்கின்றன. மாற்று வண்டி மூலம் நிற்கும் நாள்களின் சுமையில் ஒரு பகுதியையும் அது ஏற்கிறது. சிறு கோளாறைத் தள்ளிப்போட்டால் பின்னர் பெரிய செலவு தன் தலையிலேயே விழும் என்பதால், காலத்தில் பராமரிக்க அதற்குக் காரணம் இருக்கிறது.

குறைகள் மூன்று இடங்களில் தெரிகின்றன. முதலாவது, விலை. சொந்தமாகப் பராமரிக்கும் திறன் உள்ளவர்கள் இதற்குக் கூடுதல் பணம் தருவதாக உணர்கிறார்கள். இரண்டாவது, இயல்பான தேய்மானத்துக்கும் முறைகேடான பயன்பாட்டுக்கும் இடையிலான கோடு. டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அது தேய்மானமா, நடைபாதை விளிம்பில் உரசியதா? எஞ்சின் சூடேறிக் கெட்டால் குறை கூலண்ட் பம்பிலா, எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஓட்டியவரிடமா? இத்தகைய தகராறுகளில் பழுதின் காரணத்தைச் சொல்வது பெரும்பாலும் குத்தகை நிறுவனத்தின் மெக்கானிக்காகவே இருக்கிறார்.

மூன்றாவது குறை சட்டத்திலிருந்து வருகிறது. 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய கிரேவ்ஸ் திருத்தம், வண்டியின் உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக வாடகை, குத்தகை நிறுவனங்களை விபத்து வழக்கில் பொறுப்பாக்க முடியாது என்றது. நிறுவனத்தின் சொந்தக் கவனக்குறைவுக்கு மட்டும் விலக்கு இல்லை. ஆகவே பராமரிப்பை ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் மீது, சரியாகப் பராமரிக்கவில்லை என்று வழக்கு வரலாம். பராமரிப்பை எடுத்தவர் மீது தள்ளிவிட்ட நிறுவனத்தின் மீது அப்படி வழக்கு வருவது கடினம். பொறுப்போடு நடப்பவருக்குச் சட்ட ஆபத்து கூடுகிறது என்ற இந்த நிலை கவலைக்குரியது. ஆனால் நிறுவனங்கள் எந்த அளவு இதை மனத்தில் வைத்து ஒப்பந்தம் எழுதுகின்றன என்பதை உறுதியாகச் சொல்வது கடினம்.

நான்காம் விடை: வண்டியை இயக்கும் நிறுவனமே பொறுப்பு

இதுவரை கண்ட மூன்று விடைகளும் இருவருக்கு இடையிலான ஒப்பந்தத்திலிருந்து பிறந்தவை. நான்காவது விடை சாலைப் பாதுகாப்பிலிருந்து பிறந்தது. 1935இன் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அமெரிக்க லாரித் தொழிலை மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தனி உரிமையாளர்களின் லாரிகளைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் வழக்கம் பெருகியபோது, பொறுப்பு யாரிடம் என்ற குழப்பமும் பெருகியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வண்டியைக் கையேற்கும் முன் சோதிக்க வேண்டும் என்பன போன்ற விதிகளை ஆணையம் கொண்டுவந்தது. 1953இல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது.

இன்றைய கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளின் 396ஆம் பகுதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. தன் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா வண்டிகளையும் முறைப்படி சோதித்து, பழுது பார்த்து, பராமரிப்பது இயக்கும் நிறுவனத்தின் கடமை. வண்டி சொந்தமா, குத்தகையா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஓட்டுநர் நாள் முடிவில் எழுதித் தரும் குறைகளில் பாதுகாப்பைப் பாதிப்பவை சரிசெய்யப்பட்ட பிறகே வண்டி மீண்டும் சாலைக்கு வர வேண்டும். பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுக்கும் ஓட்டுநரைப் பழிவாங்கக் கூடாது என்று 1982ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குத்தகை லாரி ஓட்டும் ஒப்பந்த ஓட்டுநருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

இந்த விடைக்கு ஆதரவான நியாயம் வலுவானது. பழுதான பிரேக்கின் விலையை எதிரே வருபவரும் கொடுக்க நேரிடுகிறது. கனரக லாரி விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான அரசு ஆய்வில், பிரேக் கோளாறு ஏறத்தாழ 29 விழுக்காடு லாரிகளில் விபத்தோடு தொடர்புள்ள காரணியாகப் பதிவாகியிருந்தது. தொடர்புள்ள காரணி என்பதால் அதுவே விபத்துக்குக் காரணம் என்று ஆகிவிடாது. இருந்தாலும் எண்ணிக்கை சிறியதல்ல. வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் 72 மணி நேரம் நடக்கும் சாலைச் சோதனையில், முழுமையாகச் சோதிக்கப்படும் வண்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, பழுது நீங்கும் வரை ஓடக் கூடாது என்று நிறுத்தப்படுகிறது.

பலவீனம் ஓரிடத்தில்தான், ஆனால் ஆழமானது. பழுது பார்க்கப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பணம் யாருடையது என்பதை ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால் நிறுவனம் தன் சட்டக் கடமையை நிறைவேற்றிக்கொண்டே செலவை ஓட்டுநரின் கூலியிலிருந்து பிடித்துக்கொள்ள முடியும்.

ஐந்தாம் விடை: வண்டி உனதாகப் போகிறது, ஆகவே பொறுப்பும் உனது

அந்த இடைவெளியில் வளர்ந்ததே லீஸ் பர்ச்சேஸ் எனப்படும் ஏற்பாடு. ஓட்டுநர் ஒரு நிறுவனத்திடமிருந்து, அல்லது அதன் துணை நிறுவனத்திடமிருந்து, லாரியைக் குத்தகைக்கு எடுக்கிறார். தவணை முடிந்தால் வண்டி சொந்தமாகும் என்பது உறுதிமொழி. பிறகு அதே லாரியை அதே நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்து, அது தரும் சரக்கை ஏற்றுகிறார். முதல் ஒப்பந்தத்தில் அவர் எடுத்தவர். இரண்டாம் ஒப்பந்தத்தில் அவர் கொடுத்தவர். எடுத்தவர் என்பதால் முதல் ஒப்பந்தப்படி பழுதுச் செலவு அவருடையது. கொடுத்தவர் என்பதால் இரண்டாவதின்படியும் அவருடையது. பல நூற்றாண்டு விவாதத்தின் இரு பக்கங்களும் ஒரே மனிதர் மீது வந்து நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதரவாளர்கள் இல்லாமல் இல்லை. கடன் வரலாறு இல்லாதவருக்கு வங்கி லாரிக்கடன் தராது. முன்பணம் இல்லாமல் தொழில்முனைவோர் ஆக இது ஒன்றே வழி என்கிறார்கள். சொந்தமாகப்போகும் வண்டியை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்பதும் அவர்கள் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. சிக்கல், பழுது வரும் நாளில் நடப்பதில் இருக்கிறது.

ஒரு பொதுவான நிகழ்வை அருகில் சென்று பார்க்கலாம். 2007, 2010ஆம் ஆண்டுகளின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் வந்த டீசல் லாரிகளில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், யூரியாக் கரைசலைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும் இருக்கின்றன. அவற்றின் சென்சார் ஒன்று கெட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் எஞ்சினின் இழுவை படிப்படியாகக் குறையும். முடிவில் மணிக்கு 5 மைல் வேகத்துக்கு மேல் போகாதபடி மென்பொருள் வண்டியைக் கட்டிப்போடும் வகையில் பல லாரிகள் அமைக்கப்பட்டன. ஓட்டுநர் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, குத்தகை நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவுக்கு போன் செய்கிறார். அவர்கள் ஒப்புதல் எண் தராமல் பட்டறைக்காரர் கை வைக்க மாட்டார். எந்தப் பட்டறை என்பதையும் பல ஒப்பந்தங்களில் நிறுவனமே சொல்கிறது. டீலரின் பட்டறையில் வரிசை நீளம். கணினியில் கோளாறைக் கண்டறியவே கட்டணம் தனி. பழைய கைப்பக்குவ மெக்கானிக்கால் திறக்க முடியாத மென்பொருள் அது. இதற்குள் வாரம் முடிகிறது. வாராந்தரக் கணக்குச் சீட்டில் வரவுப் பகுதி வெறுமையாக இருக்க, வாடகை, காப்பீடு, பராமரிப்புப் பிடித்தம் ஆகிய வரிகள் அப்படியே நிற்கின்றன. அடுத்த வாரம் ஓடிச் சம்பாதிப்பதிலிருந்து இந்தப் பாக்கி கழிக்கப்படும்.

பராமரிப்புக் கணக்கு என்பதும் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் இத்தனை சென்ட் என்று பிடித்து ஒரு கணக்கில் சேர்க்கிறார்கள். மைலுக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 2,500 மைல் ஓடினால் 250 டாலர் சேரும். 20 வாரத்தில் 5,000 டாலர். எஞ்சினை முழுதாகத் திறந்து வேலை செய்ய நேர்ந்தால் செலவு எளிதில் 20,000 டாலரைத் தாண்டும். குறைகிற பணம் கடனாக ஏறும். ஒப்பந்தம் நடுவில் முறிந்தால் மிச்சப் பணம் யாருக்கு என்பது இன்னொரு தகராறு.

இதைக் கட்டுப்படுத்த 1979இல் குத்தகை வெளிப்படைத்தன்மை விதிகள் வந்தன. இப்போது அவை 376ஆம் பகுதியாக உள்ளன. எந்தச் செலவைப் பிடிக்கலாம், எப்படிக் கணக்கிடுவது என்பதை ஒப்பந்தம் சொல்ல வேண்டும். பிடித்ததற்கான ஆவணத்தை ஓட்டுநர் கேட்டுப் பார்க்கலாம். பிடித்து வைத்த பணத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து 45 நாளுக்குள் மீதத்தைத் திருப்பித் தர வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் அவை கோருவது வெளிப்படைத்தன்மையை. பழுதுச் செலவு முழுவதும் ஓட்டுநருக்கே என்று தெளிவாக எழுதிவிட்டால் விதி நிறைவேறிவிடுகிறது. மேலும் அவை ஓட்டுநர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் இரண்டாம் குத்தகையையே முதன்மையாகக் குறிவைக்கின்றன. ஓட்டுநர் லாரியை எடுக்கும் முதல் குத்தகையைத் தொடும் அளவு குறைவு.

லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் இதன் விளைவு பரவலாகப் பேசப்பட்டது. 2008 அக்டோபரில் தொடங்கிய தூய லாரித் திட்டம் பழைய லாரிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. புதிய லாரி வாங்க வசதியில்லாத ஓட்டுநர்கள் பலர் நிறுவனங்களின் குத்தகைக்குள் வந்தனர். பழுதும் பிடித்தமுமாகக் கடனில் சிக்கியவர்களின் நிலையை 2017இல் யூஎஸ்ஏ டுடே நாளிதழ் விரிவாக வெளியிட்டது. காற்றைத் தூய்மையாக்கும் நல்ல நோக்கத்தின் செலவு, அதைத் தாங்கும் வலிமை குறைந்தவர் மீது இறங்கியது. 2021ஆம் ஆண்டு உட்கட்டமைப்புச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட லாரிக் குத்தகைப் பணிக்குழு 2025 ஜனவரியில் அறிக்கை தந்தது. வண்டி சொந்தமாகும் வரை தாக்குப்பிடிப்பவர்கள் மிகச் சிலரே என்று கண்டு, நிறுவனங்கள் நடத்தும் லீஸ் பர்ச்சேஸ் திட்டங்களைத் தடைசெய்ய நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது.

இந்தியச் சட்டத்தில் இக்கேள்வி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் லாரி வாங்குபவர் பெரும்பாலும் பைனான்ஸில் வாங்கி டியூ கட்டுகிறார். ஆர்.சி. புத்தகத்தில் அடமானம் பதிவாகும், ஆனால் வண்டி அவருடையது. பழுதும் அவருடையதே. 1988இன் மோட்டார் வாகனச் சட்டமும் இதற்கு இசைவாக, ஹையர் பர்ச்சேஸ், குத்தகை, அடமானம் ஆகியவற்றின் கீழ் வண்டியைக் கையில் வைத்திருப்பவரையே உரிமையாளர் என்கிறது. பர்மிட் வைத்திருப்பவர் வண்டியை எப்போதும் தகுதியான நிலையில் வைத்திருக்க வேண்டும். லாரி எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும்.

1997இல் ராஜஸ்தான் மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கும் கைலாஷ் நாத் கோத்தாரிக்கும் இடையிலான வழக்கில், வாடகைக்கு எடுத்த பேருந்தின் விபத்துக்கு அதைத் தன் கட்டுப்பாட்டில் இயக்கிய கழகமே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டுப்பாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பு என்ற கோட்பாடு இங்கும் தலைகாட்டுகிறது. ஹையர் பர்ச்சேஸ் ஒப்பந்தங்களை நெறிப்படுத்த 1972இல் இயற்றிய சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2005இல் நீக்கப்பட்டது. ஆகவே ஒப்பந்தத் தாளில் உள்ள வரிகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. லாரிகளிலும் முழுமையான குத்தகை முறை இங்கே பரவினால், அமெரிக்க அனுபவம் நமக்கு முன்கூட்டியே கிடைத்த பாடமாக இருக்கும்.

தீராத கேள்விகள்

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். எந்தப் பட்டறை, எப்போது என்று முடிவெடுப்பவரே பணமும் கட்டும் ஏற்பாடுகள், அவர் கொடுத்தவரானாலும் எடுத்தவரானாலும், ஏறக்குறைய ஒழுங்காக நடக்கின்றன. பெரிய நிறுவனத்தின் நிதிக் குத்தகையும் முழுச்சேவைக் குத்தகையும் இதற்குச் சான்று. ஒருவர் ஒப்புதல் தர, இன்னொருவர் பணம் கட்டும் ஏற்பாட்டில்தான் கேடு சேர்கிறது. செலவைச் சுமப்பவர் பழுதை மறைத்து ஓட்டத் தூண்டப்படுகிறார். முடிவெடுப்பவருக்கு மலிவாகவும் விரைவாகவும் முடிக்க அவசரமில்லை.

இதிலிருந்து தடைதான் தீர்வு என்று உடனே சொல்லிவிட முடியுமா? பணிக்குழுவின் பரிந்துரைக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. ஆயினும் தடை வந்தால், கடன் கிடைக்காத ஓட்டுநர் வேறு பெயரில் வரும் இன்னொரு ஒப்பந்தத்துக்குள் போகக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. ஒப்புதல் அதிகாரத்தை வைத்திருக்கும் நிறுவனம் பெரும் பழுதின் செலவில் குறிப்பிட்ட பங்கைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதி நடுவழியாக இருக்கலாம். அது எந்த அளவு பலன் தரும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது திறந்த கேள்வி, பழுதின் காரணத்தை யார் சொல்வது என்பது. முன்பு உடைந்த போல்ட்டைக் கையில் எடுத்து நீதிபதியிடம் காட்ட முடிந்தது. இன்று கோளாறின் பதிவு எஞ்சின் கணினியில் இருக்கிறது. அதைப் படிக்கும் கருவி தயாரிப்பாளரிடமும் டீலரிடமும் இருக்கிறது. அந்தத் தரவைப் பார்க்கும் உரிமை ஓட்டுநருக்கும் அவர் நம்பும் மெக்கானிக்குக்கும் கிடைக்காதவரை, தேய்மானமா முறைகேடா என்ற தகராறு சமநிலையில் நடக்காது.

மூன்றாவதும் கடினமானதுமான கேள்வி, நின்ற நாள்களின் இழப்பு. பேருந்துத் துறையில் ஒரு வழி முயலப்படுகிறது. 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடியில் தொடங்கிய மாநகர மின்பேருந்துகளைப் போல, வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவரே பராமரித்து ஓட்டி, ஓடிய கிலோமீட்டருக்குக் கட்டணம் பெறும் முறை அது. வண்டி நின்றால் அதை வைத்திருப்பவருக்கே இழப்பு என்பதால் மூன்று பொறுப்புகளும் ஒரே இடத்தில் சேர்கின்றன. இதிலிருந்து ஒரு கொள்கையை லாரிக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓட்டுநரின் தவறில்லாமல் வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களுக்கு வாடகை ஓடக் கூடாது. வாடகை என்பது பயன்பாட்டின் விலை என்றால், பயன்படாத நாளுக்கு விலை கேட்பதற்கு நியாயம் குறைவு. ஆனால் நிதிக் குத்தகையின் அடித்தளமே இதற்கு எதிரானது. பணம் போட்டவருக்கு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி ஓடுகிறது. இந்த இரண்டு நியாயங்களையும் சமன்செய்யும் விதி இதுவரை உருவாகவில்லை.

சட்டம், ஒப்பந்தம், பாதுகாப்பு விதி என்று மூன்று பாதைகளில் வளர்ந்த விடைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமலே வளர்ந்திருக்கின்றன. அவற்றை இணைக்கும் வேலை முடியும்வரை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒருவர் வாடகைத் தொகைக்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: பழுது வந்தால் முடிவு யாருடையது, பணம் யாருடையது, நிற்கும் நாள் யாருடையது. மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத ஒப்பந்தம் முழுமையற்றது. முடிவை ஒருவருக்கும் மற்ற இரண்டையும் இன்னொருவருக்கும் தரும் ஒப்பந்தம் நீதியற்றது என்று கருதப் போதிய காரணம் இருக்கிறது.